ஜெபியுங்கள், குளிசையை நிறுத்தாதீர்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன வாரம் என் மேசையில் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்தால் கிளினிக் புத்தகம். அதற்கு அடியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய, மனச்சோர்வுக்கான குளிசை அட்டைகள், மூன்று மாதத்துக்கு உரியவை. ஒரு குளிசைகூட எடுக்கப்படவில்லை. கட்டின் மேல் ஒரு ஜெபமாலை சுற்றியிருந்தது.

“பிள்ளை, இதை நான் நிறுத்திவிட்டேன். விசுவாசம் உள்ளவருக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். எனக்கும் சரியென்றுதான் பட்டது” என்றார். ஒன்பது நாளாக அக்கா சரியாகத் தூங்கவில்லை, சாப்பாட்டைத் தொடுவதுமில்லை என்று கூட வந்த தங்கை சொன்னார்.

இப்படி என்னிடம் வந்தவர்களில் இந்த வருடம் அவர் ஐந்தாவது ஆள். பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். அந்த ரீச்சரின் அனுமதி பெற்றிருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் திருகோணமலையில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். விசுவாசத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. அது மனிதரை எழுப்பி நிறுத்துவதை அருகில் இருந்து பார்த்தவள் நான்.

ரீச்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்த அதே வருடத்தில் ஓய்வு. அடுத்த வருடம் மகன் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். முப்பது வருடம் பாடசாலை மணிக்கு ஓடிய மனுசி, காலையில் எதற்கு எழும்ப வேண்டும் என்று தெரியாமல் மத்தியானம்வரை கட்டிலில் கிடந்தார். வைத்தியர் மருந்து தொடங்கினார். நான் வாரம் ஒருமுறை பேசினேன். அவரைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டது மருந்துதான். ஆனால் இறங்கியவர் எங்கே போவது? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பாலையூற்றில் முதல் நன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று பங்கைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வந்து கேட்டார்கள். சனிக்கிழமைகளில் பதினான்கு பிள்ளைகள். மூன்றாவது கிழமை அவர் என்னிடம் வந்தபோது கைப்பையில் வர்ணப் பென்சில்கள் இருந்தன. “ஆண்டவர் என்னை இன்னும் வைத்திருப்பது இதற்குத்தான் போலிருக்கிறது” என்றார். அன்று இரவு வீட்டில் நான் நன்றி சொல்லி ஜெபித்தேன்.

இன்னொருவர் உப்புவெளிப் பக்கம், கடற்தொழிலாளி. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் தடுமாறின. இனி கடலுக்குப் போக முடியாது. இப்போது நோயாளரைச் சந்திக்கும் குழுவோடு வீடு வீடாகப் போகிறார். “பேச எனக்கு வராது. கூட இருக்க வரும்” என்று திக்கித் திக்கிச் சொன்னார். அவரும் தினமும் குளிசை போடுகிறார், இரத்த அழுத்தத்துக்கு. அதை நிறுத்து என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை.

என் கோபமெல்லாம் இங்கேதான். பிரஷருக்குப் போட்டால் குளிசை, மனதுக்குப் போட்டால் அவிசுவாசமா? மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வேதம் வாசிக்கிறோம். கண்பார்வைக்கு ஆண்டவர் போதாதா என்று யாராவது கேட்கிறோமா?

வேதத்தையே பாருங்கள். எசேக்கியா அரசன் சாகக் கிடந்தான். அழுது ஜெபித்தான். பதினைந்து வருட ஆயுளும் கிடைத்தது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான் அத்திப்பழ அடையைப் புண்ணின் மேல் வைக்கச் சொன்னார். ஜெபம் கேட்கப்பட்டது, மருந்தும் கட்டப்பட்டது. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குத் திராட்சை இரசம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தீமோத்தேயுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று எழுதவில்லை. லூக்கா வைத்தியர். கத்தோலிக்கர் வீட்டு வேதாகமத்தில் சீராக் 38ஆம் அதிகாரம் இருக்கிறது. மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்தை நிலத்திலிருந்து விளைவித்தவர் ஆண்டவர் என்கிறது. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

எல்லாவற்றிலும் நான் அடிக்கடி திறப்பது அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரம். எலியா சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். எழுந்து ஊழியத்துக்குப் போ என்று வானதூதர் விரட்டவில்லை. அவரைத் தூங்கவிட்டார், பிறகு தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் இருந்தன. மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு, அதன்பின் நாற்பது நாள் நடை. மெல்லிய சத்தம் ஓரேபு மலையில்தான் கேட்டது. அபிஷேகம் செய்ய மூன்று பேரின் பெயரோடு புதிய வேலையும் அங்கேதான் கொடுக்கப்பட்டது. உடைந்துபோன ஒருவரை எந்த ஒழுங்கில் கவனிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்ததும் ஏறக்குறைய இதுதான்.

‘எனக்குச் சுகமாகிவிட்டது, அதனால் நிறுத்தினேன்’ என்பவர்களுக்கும் சொல்கிறேன். மனச்சோர்வுக்கான மருந்து வேலைசெய்யத் தொடங்கவே சில கிழமைகள் எடுக்கும். சுகமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், முன்பும் வந்தவர்களுக்கு இன்னும் நீளமாக. நிறுத்துவதானால் வைத்தியர் சொல்லி, படிப்படியாக. நினைத்த நாளில் அல்ல.

ஜெபக்குழுக்களை நடத்துகிறவர்களிடம் ஒன்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். கிறிஸ்தவ வீடுகளில் ஆபத்து பக்தியின் சொற்களில் வரும். “நான் ஆண்டவரிடம் போக வேண்டும்” என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் ஆமென் சொல்லிவிட்டு எழும்பாதீர்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இருக்கிறது என்றால் தனியே விடாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த நேரத்திலும் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இரவு முழுக்கத் தூங்காமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டு, நகையை எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, உலகத்தையே மாற்ற அழைப்பு வந்திருக்கிறது என்கிறவரைப் பார்த்துச் சாட்சி சொல்ல மேடையேற்றாதீர்கள். அது நோயின் வேகமாக இருக்கலாம். ரீச்சருக்கு நோக்கம் கிடைத்த நாட்களில் அவர் இரவில் தூங்கினார், இரண்டு நேரம் சோறு சாப்பிட்டார். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்சுலின் போடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். இதை நான் விளக்கவும் வேண்டுமா?

துக்க வீட்டுக்குப் போகிறவர்களே, முதல் கிழமையில் ‘எல்லாம் தேவசித்தம்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய், அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து பல வருடம் கோவில் வாசலை மிதிக்கவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அவர்கள் பிழைவிட்டது வாயைத் திறந்த பிறகுதான். சாப்பாடு கொண்டுபோங்கள். பக்கத்தில் இருங்கள். சில மாதம் கழித்து, அவர் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்றைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போங்கள்.

பங்குத் தந்தையரே, போதகர்களே, உங்களை மன்றாடிக் கேட்கிறேன். நான் ஆயிரம் முறை சொன்னாலும் நீங்கள் ஒருமுறை சொல்வதற்கு ஈடாகாது. அறிவித்தல்களோடு ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்: ஜெபிக்க வாருங்கள், மருந்தை விடாதீர்கள்.

ரீச்சர் வைத்தியரைப் பார்த்து மருந்தை மறுபடி தொடங்கியிருக்கிறார். சனிக்கிழமை வகுப்பை அந்த இரண்டு பெண்களில் ஒருவர் இப்போதைக்கு நடத்துகிறார். பிள்ளைகள் வரைந்த படங்களை ரீச்சரின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறாராம். அடுத்த செவ்வாய் கிளினிக்குக்கு ரீச்சரோடு தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் இப்படி நிறுத்தியிருந்தால் வாருங்கள். ஏச மாட்டேன். கிளினிக் புத்தகத்தையும் மிச்சமிருக்கும் குளிசை அட்டைகளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.