இரண்டு இரவு தாக்குப்பிடித்த குவிமாடம்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள ஃப்ரௌவன்கிர்ஷே தேவாலயம் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "குண்டுவீச்சு தொடங்கியது 1945 பிப்ரவரி 13 இரவு. தேவாலயம் சரிந்ததோ 15ஆம் தேதி காலை. அதுவரை எப்படி நின்றது?"

அற்புதம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை; தூண்களைக் கேட்டால் வேறு கதை வரும்.

ஜார்ஜ் பேர் என்ற தச்சு மேஸ்திரி வடிவமைத்த லூத்தரன் தேவாலயம் அது, 1743இல் முடிந்தது. மேலே மணி வடிவில் மணற்கல் குவிமாடம், சுமார் 12,000 டன். உள்ளே எட்டுத் தூண்கள். அன்றிரவு ஜன்னல் வழியே தீ புகுந்து மர இருக்கைகளும் மாடங்களும் எரிந்தன.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். மணற்கல்லில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் சிறு மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும், சிலிக்கானைச் சுற்றி நாலு ஆக்சிஜன் கொண்ட நான்முகிகள் மூலையோடு மூலை கோத்துக்கொண்டு, கொஞ்சம் திருகியபடி இருக்கும். 573 டிகிரி செல்சியஸில் அந்தத் திருகல் சட்டென்று அவிழும். ஒரு பிணைப்புகூட அறுவதில்லை! ஆனால் படிகம் வீங்கும், அதுவும் ஒரு திசையில் அதிகம், இன்னொரு திசையில் குறைவு. தூணுக்குள் மணிகள் கண்டபடி திரும்பிக் கிடப்பதால், தேர்க்கூட்டத்தில் முழங்கை இடிப்பதுபோல ஒன்றையொன்று நெருக்கி, இடையில் விரிசல் விழும். குளிர்ந்தால் திருகல் திரும்பிவிடும், விரிசல் மூடாது. கல்லோ வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும்; சூடான மேல்தோல் விரிய, உள்கரு விரியாமல் நிற்க, பட்டை பட்டையாக உரியும். தூண் மெலிந்துகொண்டே போகும், தலைச்சுமை அப்படியே இருக்கும்.

இடிபாடு பல பத்தாண்டுகள் குவியலாகவே கிடந்தது. 1990களில் மறுகட்டுமானம் தொடங்கி, 2005 அக்டோபர் 30இல் மறுபடி திறந்தார்கள். 1999இல் நோபல் பெற்ற உயிரியலாளர் குன்டர் புளோபெல், சிறுவயதில் அகதியாக வந்தபோது அந்தக் குவிமாடத்தைப் பார்த்தவர். பரிசுத் தொகையை டிரெஸ்டனுக்கே கொடுத்தார். ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று முதலில் முணுமுணுத்தவன் நான். அப்புறம் யோசித்தால், ஆய்வகத்துக்குப் பணம் தரவேண்டியது அரசு, அவர் பாக்கெட் அல்ல.

அப்புறம், சுவரில் திட்டுத்திட்டாகத் தெரியும் கறுப்புக் கற்கள் தீயின் தழும்பு என்று பலர் நினைக்கிறார்கள். அவை மீட்கப்பட்ட பழைய கற்கள்தான், ஆனால் எல்பே ஆற்றுப் பகுதியின் இந்த மணற்கல் வெயில் மழையில் தானாகவே கறுக்கும். போருக்கு முன்பே அந்தச் சுவர் கறுப்புத்தான். இன்று வெளிறித் தெரியும் புதுக் கற்களும் மெல்ல அந்த நிறத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.