ஒரு பின்சாய்கோட்டுக்குப் பின்னால்: மாட்லாப், ஆக்டேவ், அப்புறம் திறந்து பார்க்கும் உரிமை

பொறியியல் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: "மாட்லாப் வாங்க முடியல, ஆக்டேவ்ல போட்டா விடை சரியா வருமா?" மாட்லாப் காசு கொடுத்து வாங்கும் கணக்கீட்டு மென்பொருள், ஆக்டேவ் ஏறத்தாழ அதே கட்டளைகளில் ஓடும் இலவச மென்பொருள். காசு கொடுக்காமல் கிடைப்பதில் ஏதோ குறை இருக்கும் என்ற பயம்தான் இந்தக் கேள்வி. உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

நூறு மாறிகள், நூறு சமன்பாடுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மென்பொருளிலும் அணிக்கும் வலப்பக்கத்து எண்களுக்கும் நடுவே ஒரு பின்சாய்கோடு (\) போட்டால் விடை வந்துவிடும். அந்த ஒற்றைக் குறி முதலில் அணியைச் சோதிக்கிறது. முக்கோண வடிவில் இருந்தால் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மாறியாகக் கண்டுபிடித்துக்கொண்டே போகலாம். சமச்சீராக இருந்து மூலைவிட்டத்து எண்கள் எல்லாம் மிகையாகவும் இருந்தால் அணியை இரண்டு முக்கோண அணிகளின் பெருக்கமாகப் பிரிக்கும் சோலெஸ்கி முறையை முயன்று பார்க்கும், அது பலித்தால் வேலை ஏறக்குறைய பாதி. இரண்டும் இல்லையா, பள்ளியில் நாம் செய்த அதே காஸ் நீக்கல் முறைதான், ஆனால் ஒரு முன்ஜாக்கிரதையோடு.

அந்த ஜாக்கிரதை ஏன் என்பதைச் சின்னக் கணக்கிலேயே பார்க்கலாம். 0.0001 எக்ஸ் + ஒய் = 1, எக்ஸ் + ஒய் = 2. விடை இரண்டுமே ஏறத்தாழ 1. இதை மூன்று இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு கணிப்பானில், முதல் சமன்பாட்டை 10,000 ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்துப் பாருங்கள். 9999, 9998 இரண்டுமே 10,000 என்று முழுமையாகிவிடும், ஒய் 1 என்று வரும், எக்ஸ் 0 என்று வந்து நிற்கும். முழுக்கத் தப்பு. சமன்பாடுகளின் வரிசையை மட்டும் மாற்றி, பெரிய கெழு உள்ளதை மேலே வைத்துச் செய்தால் இரண்டும் 1 என்று சரியாக வரும். கணினியில் மூன்றுக்குப் பதில் சுமார் 16 இலக்கம் இருக்கிறது, அவ்வளவுதான், ஆபத்து அதே ஆபத்து. அதனால் ஒவ்வொரு படியிலும் நீக்கப்போகும் மாறிக்கு, குறியைப் பார்க்காமல், இருப்பதிலேயே பெரிய கெழு உள்ள வரியை மேலே கொண்டுவந்துவிட்டுத்தான் நீக்கல் தொடங்கும்.

இதையெல்லாம் செய்கிற நிரல் எங்கிருந்து வந்தது? லாபேக் என்ற நூலகம், அதாவது அணிக் கணக்குகளுக்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பு. 1992இல் வெளியானது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆக்டேவ் அதைத்தான் பயன்படுத்துகிறது. மாட்லாபும் 2000ஆம் ஆண்டிலிருந்து அதையேதான் பயன்படுத்துகிறது! மாட்லாபின் பிறப்பே அப்படித்தான். 1970களின் கடைசியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளீவ் மோலர், லின்பேக், ஐஸ்பேக் என்ற பொது நூலகங்களை மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதாமலே தொட்டுப் பார்க்கட்டும் என்று செய்த கருவி அது. அதை விற்கும் நிறுவனம் வந்தது 1984இல்.

ஆக, பின்சாய்கோடு போடும்போது இரண்டிலும் கடைசி இலக்கத்தில் வித்தியாசம் வரலாம், எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் முழுமையாக்கும் பிழையும் கொஞ்சம் மாறும். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் உங்கள் அணியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஹில்பெர்ட் அணி என்று ஒன்று உண்டு, முதல் வரி 1, 1/2, 1/3 என்று போகும், அடுத்த வரி 1/2, 1/3, 1/4 என்று போகும். 10 வரி அளவிலேயே 16 இலக்கத்தில் 13 வரை தொலைந்துபோகலாம், 12 வரி ஆனால் விடையை நம்பவே முடியாது, இரண்டு மென்பொருளும் எச்சரிக்கைதான் கொடுக்கும். பணம் கட்டியதால் 17ஆவது இலக்கம் கிடைக்காது.

அப்படியென்றால் காசு எதற்கு? நியாயமான காரணங்கள் இருக்கின்றன. சுழல் மேல் சுழலாக எழுதிய நிரல் மாட்லாபில் ஓடுகிற வேகத்துக்கு ஆக்டேவ் கிட்டவே வராது, ஏனென்றால் மாட்லாப் நிரலை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றிவிடுகிறது. கட்டுப்பாட்டுப் பொறியியல் செய்பவர்களுக்கு கட்டங்களை வரைந்து இணைத்து ஓர் அமைப்பை ஓட்டிப் பார்க்கும் சிமுலிங்க்குக்கு ஈடாக இலவசத்தில் ஒன்றும் இல்லை, சைலாப் என்ற இலவச மென்பொருளின் எக்ஸ்காஸ் ஓரளவு உதவும். தொகையீடு மாதிரி, எண்ணுக்குப் பதில் எழுத்துகளை வைத்தே செய்யும் குறியீட்டுக் கணக்குகளில், காசு கொடுத்து வாங்கும் மேத்தமாட்டிகாவும் மேப்பிளும் பலமானவை.

என் மனசில் உறுத்துவது வேறொன்று. 2013இல் ஸ்பெயினைச் சேர்ந்த மூன்று கணிதவியலாளர்கள் மேத்தமாட்டிகாவில் முழு எண்கள் மட்டுமே உள்ள ஓர் அணியின் அணிக்கோவையைக் கணக்கிட்டார்கள். 14 வரி, 14 நெடுவரிசை, எண்கள் மட்டும் மிகப் பெரியவை. அதே அணி, அதே கட்டளை, இரண்டு முறை போட்டால் இரண்டு விடை! தசமமே இல்லை, முழுமையாக்கலும் இல்லை, இது வெறும் பிழை. நிறுவனத்துக்கு எழுதினார்கள், ஆனால் பிழை எங்கே இருக்கிறது என்று அவர்களால் தேடிப் பார்க்க வழியில்லை, ஏனென்றால் நிரல் மூடியிருக்கிறது. 2014இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் இதை விரிவாக எழுதினார்கள்.

கணிதத்தில் ஒரு தேற்றத்தை நம்புவது நிரூபணத்தைப் படிக்க முடிவதால்தான். குலக் கணிதத்துக்கான இலவச மென்பொருளான கேப்பைத் தொடங்கிய யோவாகிம் நாய்பூசர் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: குலக் கணிதத்தின் சைலோ தேற்றத்தை நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு வாழ்நாள் முழுக்க இலவசமாகப் பயன்படுத்தலாம், கணினிக் கணிதத்துக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப உரிமக் கட்டணம்?

கணிதவியலாளர் வில்லியம் ஸ்டைன் 2005இல் சேஜ் என்ற இலவசக் கணித மென்பொருளைத் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். கேப், பாரி, மாக்சிமா என்று ஏற்கெனவே இருந்த இலவசக் கருவிகளைப் பைத்தான் மொழியால் ஒன்றாகக் கோத்தார். சேஜிலும் பிழைகள் உண்டு, நிறையவே உண்டு, அந்தப் பட்டியல் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. ஒரு விடையில் சந்தேகம் வந்தால், சார்பின் பெயருக்குப் பின்னால் இரண்டு கேள்விக்குறி போட்டு எண்டர் தட்டுங்கள், அதன் நிரல் திரையில் விரியும். அது இன்னொரு நூலகத்தை அழைத்தால் அந்த நூலகத்தின் மூலத்தையும் இறக்கி, பிழை இருக்கும் வரி வரைக்கும் போகலாம்.