பிக்கப் அட்டையில் இருக்கும் கிலோ ஓம் எதைச் சொல்கிறது?

எலக்ட்ரிக் கிட்டாருக்குப் புது பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தமும் கம்பிச் சுருளும்) வாங்குபவர்கள் முதலில் தேடுவது கிலோ ஓம் கணக்கைத்தான். 8 என்றால் நடுத்தரம், 14 என்றால் சத்தம் பலமாக வரும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண் கம்பியின் மின்தடை. பிக்கப் எவ்வளவு மின்னழுத்தம் தரும் என்பது வேறு கணக்கு.

எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, செப்புச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தத்தின் வலிமை, தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி, தந்தியின் தடிமன் எல்லாம் சேர்ந்துதான் அதன் அளவைத் தீர்மானிக்கின்றன. காந்தத்தை உருவி எடுத்துவிட்டு அளந்தாலும் மல்டிமீட்டர் அதே கிலோ ஓமைத்தான் காட்டும். கிட்டார்தான் பேசாது.

கம்பியின் தடிமனைப் பாருங்கள். எண் கூடக்கூடக் கம்பி மெலியும்: 42ஆம் எண் கம்பியின் விட்டம் சுமார் 0.063 மி.மீ., 43ஆம் எண் சுமார் 0.056 மி.மீ. ஒரே நீளத்துக்கு இரண்டாவதில் தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும், ஒரு சுற்றுகூடக் கூடாமலே. ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரின் நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் இருப்பது) காலங்காலமாக 43ஆம் எண்ணில்தான் சுற்றப்படுகிறது. அப்புறம் வெயில்: 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் சுருள், 30 டிகிரியில் 8.3 காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கிப்சனின் பி-90 பிக்கப். அதில் ஒரே சுருளில் சுமார் 10,000 சுற்றுகள். அதே நிறுவனத்தின் பழைய ஹம்பக்கர் வகை பிக்கப்பில் இரண்டு சுருள்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 5,000. இரண்டிலும் 42ஆம் எண் கம்பி, இரண்டும் 8 கிலோ ஓம் பக்கத்தில். ஆனால் ஒலியின் தன்மையைப் பாதிக்கும் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு) சுற்றுகளின் இருமடியைப் பொறுத்தது. ஒரே சுருளை இரண்டாகப் பிரித்தால் அது ஏறக்குறையப் பாதியாகிவிடும். மீட்டரில் இரட்டையர் மாதிரி இருந்தாலும் ஒலியில் இரண்டும் தனித்தனி ஆட்கள்.

சரி, மில்லிவோல்ட்டில் ஒப்பிடலாமே? பிக்கப் தயாரிக்கும் டிமார்சியோ நிறுவனம் அப்படித்தான் வெளியிடுகிறது. அதன் பட்டியலுக்குள் ஒப்பிட அது நல்ல எண். வேறு நிறுவனத்தின் எண்ணோடு வைத்தால் சிக்கல்: எந்தத் தந்தி, எவ்வளவு இடைவெளி, எவ்வளவு வேகமாக மீட்டினார்கள்? சைன் அலையில் 100 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி அளவு) என்பதை உச்சிக்கு உச்சி எழுதினால் 283 ஆகிவிடும். இஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்கப்பில் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெருக்கி உள்ளேயே இருப்பதால், வெளியே மீட்டர் வைத்தால் சுருளின் தடையே தெரியாது.

இரண்டு பிக்கப்புகளை நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே கிட்டாரில், ஒரே இடத்தில் மாற்றி மாட்ட வேண்டும். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பி) தந்தியை அழுத்திப் பிடித்து, பிக்கப் வரைக்குமான இடைவெளியைச் சமமாக்குங்கள். மெல்லிய செப்புக் கம்பியைத் தந்திக்கு அடியில் கொடுத்து, அது அறும்வரை மெல்ல இழுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே விசையில் தந்தி விடுபடும். ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் கருவி) கிட்டார் உள்ளீட்டில் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, தொடாமல் பதிவு செய்து, வித்தியாசத்தை டெசிபலில் படியுங்கள்.