தடைக்காலமும் வேலூர் மீன் சந்தையும்

சித்திரை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை வேலூர் மீன் மார்க்கெட்டுக்குப் போனால் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "இன்னாக்கா, போன வாரம் ஒரு விலை, இந்த வாரம் ஒரு விலையா?" "தடை போட்டுட்டாங்க கண்ணு, சரக்கே வரல." அதோடு பேச்சு முடிந்துவிடும். வாங்குகிறவர் முனகிக்கொண்டே அரை கிலோ சங்கராவோடு கிளம்புவார். அந்தத் தடை என்ன, யார் போட்டது, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கடற்கரையே இல்லாத மாவட்டம், நமக்கெதற்கு என்ற நினைப்புதான்.

விதி எளிமையானது. தமிழ்ப் புத்தாண்டு நாளான ஏப்ரல் 14 நள்ளிரவு தாண்டியதும் தொடங்கி ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், கிழக்குக் கடலில் விசைப்படகுகளும் இழுவலைப் படகுகளும் மீன்பிடிக்கப் போகக் கூடாது. தேதி ஞாபகம் இல்லாவிட்டால் சித்திரையும் வைகாசியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக வரும். கட்டுமரமும் நாட்டுப்படகும் போகலாம். அதனால்தான் தடைக்காலத்திலும் கொஞ்சம் கடல் மீன் கண்ணில் படுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1983-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் பொறுப்பு, அதாவது சுமார் 22 கிலோமீட்டர். அதற்கு அப்பால் ஒன்றிய அரசு. ஆகவே இரண்டு அரசும் ஒரே தேதிகளுக்கு உத்தரவு போட்டால்தான் தடைக்கு அர்த்தம் இருக்கும். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இலிருந்து 61 ஆனது. கொரோனா வந்த 2020-இல் மட்டும் ஊரடங்கில் படகுகள் எப்படியும் கரையில் கிடந்தன என்பதால் மே 31-ஓடு முடித்துக்கொண்டார்கள்.

எதற்காக இந்தத் தடை? மீன் முட்டையிட்டு இனம் பெருக்கும் காலம் என்பதுதான் அரசு சொல்லும் காரணம். சினை மீனைப் பிடித்தால் ஒரு மீன் மட்டும் போவதில்லை, வயிற்றில் இருக்கும் ஆயிரக்கணக்கான முட்டைகளும் சேர்ந்து போகின்றன. எல்லா மீனும் ஒரே மாதத்தில் முட்டையிடுவதில்லை என்பதும் உண்மை. வடகிழக்குப் பருவமழை நேரத்துக்குத் தடையை மாற்றுங்கள் என்று கேட்கிற மீனவர்களும் உண்டு. ஆனால் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு காரணம். இழுவலை கடலின் தரையை உழுதுகொண்டே போகும். விலைபோகும் இறாலோடு விரல் நீளக் குஞ்சு, சிப்பி, நட்சத்திர மீன் என்று எது இருந்தாலும் அந்த மடியில் வந்து விழும். விற்க முடியாததைக் கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் அனுப்பிவிடுவார்கள். கடலாமை வலையில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்துப்போகும். அப்படிப்பட்ட வலைகள் வருஷத்தில் இரண்டு மாதமாவது கரையேறிக் கிடப்பது கடலுக்கு ஓய்வு. நெல் அறுத்த நிலத்தைக் கொஞ்ச நாள் ஆறப்போடுகிற கணக்குதான்.

சரி, விலை விஷயத்துக்கு வருவோம். இந்தத் தடை தமிழ்நாட்டுக்கு மட்டும் இல்லை. ஆந்திரா, ஒடிசா, மேற்கு வங்கம் எல்லாவற்றுக்கும் இதே தேதிதான், ஆகவே சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பதில் நெல்லூர்ப் பக்கம் போனாலும் பலன் இல்லை. கர்நாடகா, கோவா உள்ள மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கேரளாவில் மட்டும் ஜூன் 9 நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். நம் மாநிலத்திலேயே கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி இந்தக் கணக்கில்தான் வரும். இதிலிருந்து தெரிவது என்ன? மே மாதம் முழுக்க மேற்குக் கரை மீன் ஐஸ் பெட்டியில் வேலூர் வரைக்கும் வந்துகொண்டிருக்கும். ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு கரையும் பெரும்பாலும் மூடியிருக்கும். வஞ்சிரமும் வவ்வாலும் உச்சத்தில் நிற்பது இந்த இரண்டு வாரத்தில்தான். உறவினர் வருகிறார்கள் என்று மீன் விருந்து வைக்க நினைப்பவர்கள் இந்தப் பதினான்கு நாளைத் தவிர்த்துவிட்டால் பர்ஸுக்கு நல்லது. ஜூன் 15 காலையிலேயே விலை இறங்கிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஆழ்கடலுக்குப் போன படகு திரும்பப் பல நாள் ஆகும்.

இந்த வாரங்களில் ஐஸில் ரொம்ப நாள் இருந்த மீனும் சந்தைக்கு வரும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிந்திருந்தால் வேண்டாம். சதையை அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. இல்லாவிட்டால் ஏரி மீனுக்கு மாறிக்கொள்ளலாம். ஏரி, அணை, குளத்து மீனுக்கு இந்தத் தடை கிடையாது. கட்லா, ரோகு, ஜிலேபி, கிடைத்தால் விரால். ஆந்திரப் பண்ணைக் கட்லா எப்படியும் லாரியில் வந்துவிடும். வஞ்சிரம் தின்ற நாக்குக்குக் கட்லா முள் கொஞ்சம் தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம், நிவாரணம். கடலுக்குப் போகாத இந்த 61 நாளுக்குக் கடல் மீனவர் குடும்பம் ஒன்றுக்குத் தமிழ்நாடு அரசு 8,000 ரூபாய் தருகிறது. 5,000 ஆக இருந்ததை உயர்த்துவதாக 2023-இல் அறிவித்தார்கள். நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய் சொச்சம். படகு முதலாளிக்கு மராமத்து, வர்ணம், வலைச் செலவு வேறு. கூலிக்குக் கடலுக்குப் போகிறவருக்கு அந்த 131 ரூபாயோடு வேறு என்ன வேலை கிடைக்கிறதோ அதுதான். இது தவிர சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்று உண்டு. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசுப் பங்கு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்பி வரும்.

தடைக்கால நிவாரணம் 14 கடலோர மாவட்டங்களில் உள்ள கடல் மீனவர்களுக்கானது. வேலூர் ஏரிகளில் மீன் பிடிப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு வேலையும் நிற்பதில்லை. நம் மார்க்கெட்டில் கூடை வைத்து விற்கும் பெண்களுக்கும் இதில் எதுவும் கிடையாது. சரக்கு வராததால் அவர்கள் வருமானமும் குறைகிறது. விலை ஏறியதால் அவர்கள் சம்பாதிக்கிறார்கள் என்று நினைத்துச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடலுக்கு நம் ஊரிலிருந்து போவது ஒன்று இருக்கிறது, அதற்குத் தடைக்காலம் எதுவும் இல்லை. நந்திமலையில் பிறந்து வேலூர் வழியாகப் போகும் பாலாறு வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. வருஷம் முழுக்க மணலாகக் கிடந்தாலும், 2021 நவம்பரில் வந்தது போல வெள்ளம் வந்தால் கரையில் கொட்டிய பிளாஸ்டிக் அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விடும். மிதக்கும் கவரைச் சொறிமீன் என்று நினைத்துக் கடலாமை விழுங்குகிறது. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, கேரி பேக்கும் அதில் அடக்கம். மார்க்கெட்டில் இன்னும் அதில்தான் மீன் கட்டித் தருகிறார்கள், நாமும் வாங்கிக்கொள்கிறோம். மூடி போட்ட தூக்கு ஒன்று கொண்டுபோனால் மீன் தண்ணீர் வண்டியில் சொட்டாது, வீட்டில் திட்டும் விழாது.