காரை விட்டு இறங்கும் முன் ‘பி’ எரிகிறதா?

போர்ஷே 911-இன் 992 தலைமுறை 2019-இல் ரோட்டுக்கு வந்தபோது, ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் லீவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி விசைதான் இருந்தது. இரண்டு விரலால் முன்னே தள்ளினால் ரிவர்ஸ் (‘ஆர்’), பின்னே இழுத்தால் டிரைவ் (‘டி’), வண்டியை நிறுத்திப் பூட்டும் பார்க்குக்கு (‘பி’) தனிப் பொத்தான். சவர மெஷின்போல இருப்பதால் கார்ப் பிரியர்கள் அதற்கு ‘ஷேவர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இவ்வளவு விலை கொடுத்த காரில் கைப்பிடியாக ஒரு லீவர்கூட இல்லையா என்ற புலம்பல் இன்னும் ஓயவில்லை.

துபாயில் ஹோட்டல் வேலட் டிரைவர்களை, அதாவது விருந்தினரின் காரை வாங்கி நிறுத்தித் தருபவர்களைப் பழக்குவது என் தொழில். அதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தவன். ஓட்டும் சுகத்துக்கு எது நல்லது என்று ஓனர்கள் வாதாடுகிறார்கள். எனக்குக் கவலை எல்லாம் ஹோட்டல் வாசல் போர்ட்டிகோவில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதைப் பற்றித்தான்.

முன்பெல்லாம் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு கம்பியோ கேபிளோ ஓடும். லீவர் எங்கே நிற்கிறதோ அதுதான் கியர். இப்போது லீவர் வெறும் சுவிட்ச். நாம் கேட்கிறோம், கம்ப்யூட்டர் கொடுக்கிறது. கேபிள் போனதும் டிசைனர்களின் கட்டு அவிழ்ந்தது. ஆஸ்டன் மார்ட்டின் 2004-லேயே டிபி9-இல் டேஷ்போர்டின் நடுவே பொத்தான்களாக வைத்துவிட்டது. முதல் மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடியில் லீவர் இருந்தது, ஆனால் கை முட்டிக்குப் பக்கத்தில், அவ்வளவு பின்னே. ஜாகுவார் தன் செடான்களில் வட்டமான திருகியைக் கொடுத்துவிட்டு, எஃப்-டைப் ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் லீவரையே வைத்தது. போர்ஷேவும் 992-இன் ரேஸ் ரக மாடலான ஜிடி3-இல் பழையபடி கைக்கு அடங்கும் லீவரைத்தான் கொண்டுவந்தது. அந்த ஜிடி3 லீவரில் பின்னே இழுத்தால் மேல் கியர், முன்னே தள்ளினால் கீழ் கியர். பிரேக் அழுத்தும்போது உடம்பு முன்னே சாய்கிறது, கியர் குறைக்கும் கையும் அதே திசையில் போகட்டும் என்பது கணக்கு. பழைய போர்ஷேக்களில் இது நேர் எதிராக இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் ரேஸ்காரர்கள் சொல்வதற்கே என் ஓட்டு.

ஃபெராரி ரோமாவில் முதல்முறை உட்காரும் பையனைப் பக்கத்து சீட்டிலிருந்து பாருங்கள். கொரோலாவில் பழகிய கை நேராக நடுவில் போகும். அங்கே பழைய மேனுவல் ஃபெராரிகளின் ‘கேட்’டை (லீவர் ஓடும் பள்ளங்கள் வெட்டிய தகடு) ஞாபகப்படுத்தும் ஒரு உலோகத் தகடு, அதில் சின்னச் சின்ன விசைகள். ‘ஆர்’ இருக்கிறது. ‘டி’ இல்லவே இல்லை! முன்னே போக, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்ற இருக்கும் வலது பேடிலை இழுக்க வேண்டும். இரண்டு பேடிலையும் சேர்த்து இழுத்தால் நியூட்ரல். லம்போர்கினி ஹுராக்கானிலும் நியூட்ரலுக்கு இதே வழிதான். தெரிந்தவனுக்கு ஒரு நொடி வேலை. தெரியாதவன் பின்னால் ஹாரன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பான்.

என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்தில் யோசித்துச் செய்தது 2020 கார்வெட் சி8-தான். அதில் ஓடவைக்கும் கியர்களான ‘ஆர்’, ‘டி’ இரண்டையும் விரலை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். ‘பி’யும், நியூட்ரலுக்கான ‘என்’னும் அழுத்தும் பொத்தான்கள். கண்ணை எடுக்காமலே விரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். அழகைப் பற்றி அவரவர் விருப்பம்.

விரலுக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016-ஐப் பார்க்க வேண்டும். ஃபியட் கிரைஸ்லரின் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் சார்ஜர், கிரைஸ்லர் 300 மாடல்களில் ஒரு லீவர் இருந்தது. பார்ப்பதற்குச் சாதாரண லீவர்தான். ஆனால் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் நடுவுக்கே திரும்பிவிடும். ‘பி’யில் போட்டாச்சு என்று நம்பி, என்ஜின் ஓடும்போதே இறங்கினார்கள். கார் நகர்ந்தது. அந்த ஏப்ரலில் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது கம்பெனி. ஜூன் 19-ஆம் தேதி, 27 வயது ஹாலிவுட் நடிகர் ஆன்டன் யெல்சின் தன் வீட்டு வாசலில் சொந்த ஜீப்புக்கும் தூணுக்கும் நடுவில் நசுங்கி இறந்துபோனார். அந்த கிராண்ட் செரோக்கியும் திரும்ப அழைத்த பட்டியலில் இருந்த வண்டிதான். அதே வகைக் குறைக்காக மசெராட்டியின் கிப்லி, குவாட்ரோபோர்ட்டே கார்களும் திரும்பப் போயின. தீர்வாக வந்தது புது லீவர் அல்ல, சாஃப்ட்வேர். டிரைவர் கதவைத் திறந்தால் வண்டி தானே ‘பி’க்குப் போகும்.

இன்றைக்குப் பல கார்களில் அந்தப் பாதுகாப்பு உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள். எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி இல்லை. சிலதில் கதவு மட்டும் திறந்தால் போதும், சிலதில் சீட் பெல்ட்டும் கழன்றிருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்து லம்போர்கினி கவுன்டாக்கைப் பின்னே எடுக்க, கதவைத் தூக்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபடி ஓட்டுவார்கள். இப்போதைய காரில் அந்த வித்தையைக் காட்டினால், வண்டி பாதியில் ‘பி’ போட்டு உங்களை உலுக்கிவிடலாம்.

நான் பழக்கும் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். கியரைக் கையில் தேடாதே, மீட்டரில் பார். நீ கேட்ட எழுத்து அங்கே எரியும் வரை பிரேக்கிலிருந்து கால் வரக்கூடாது. நிறுத்தும்போது முதலில் முழுசாக நில், அப்புறம் ஹேண்ட் பிரேக், அதற்குப் பிறகு ‘பி’. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ‘பி’ என்பது கியர்பாக்ஸுக்குள் ஒரு பல் சக்கரத்தில் விழும் சின்னக் கொக்கி. ஹேண்ட் பிரேக் இல்லாமல் சரிவில் விட்டால் வண்டியின் மொத்த எடையும் அந்தக் கொக்கியில் தொங்கும். அடுத்தமுறை ‘பி’யிலிருந்து எடுக்கும்போது ‘டக்’கென்று ஒரு அடி கேட்கும். வண்டி முழுசாக நிற்கும் முன்பே ‘பி’யைப் போட்டுக் கொக்கி தேய்ந்த கியர்பாக்ஸை நானே பிரித்திருக்கிறேன்.

எனக்கு அதிகம் பயம் தருவது சத்தமில்லாத கார். சிக்னலில் என்ஜின் தானே அணையும் வசதி போர்ட்டிகோவிலும் வேலை செய்யும். விருந்தினர் ‘டி’யிலேயே நிறுத்துவார், என்ஜின் ஓய்ந்திருக்கும், அணைத்துவிட்டோம் என்று நினைத்து இறங்கப் பார்ப்பார். அதனால் எங்கள் பையன், விருந்தினர் இறங்குவதற்கு முன் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே போய் நிற்கக்கூடாது. பக்கவாட்டில், கதவருகில்தான் நிற்க வேண்டும்.

சாவியைக் கொடுக்கும் ஓனர்களிடமும் ஒரு வேண்டுகோள். ரிவர்ஸ் எங்கே, நியூட்ரல் எப்படி, ஹேண்ட் பிரேக் தானே விடுமா, நாம் விட வேண்டுமா என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். பையனுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தெரியாது என்று உங்கள் முன்னால் சொல்ல அவன் கூச்சப்படுவான்.

ஜூலை, ஆகஸ்டில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. பேஸ்மென்ட்டில் இரண்டு மாதம் நிற்கும் காரின் பேட்டரி செத்தால், பல மாடல்களில் ‘பி’யும் விடாது, எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கும் விடாது. தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. பெரும்பாலான 911-களில் பேட்டரி முன்மூடிக்கு அடியில் இருக்கிறது, அந்த மூடியே கரண்ட்டில்தான் திறக்கும். அதற்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்க ஃபியூஸ் பெட்டியில் ஒரு முனை வைத்திருக்கிறார்கள். உங்கள் காரில் அது எங்கே என்று மேனுவலில் பார்த்துவைத்துவிட்டு, பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். சக்கரம் பூட்டிய காரை ரெக்கவரிக்காரர் கொக்கி போட்டு இழுக்க வந்தால் விடாதீர்கள், சக்கரத்துக்கு அடியில் டாலி (உருளும் சின்னத் தள்ளுவண்டி) வைக்கச் சொல்லுங்கள்.