அட்வகசி: வக்காலத்தா, பரிந்து பேசுவதா?

வளரிளம் பிள்ளைகளின் பாலியல், இனப்பெருக்க நலத்துக்கு வேண்டியதை அரசு கிளினிக்கிடம் கேட்பதை ஆங்கிலத்தில் 'அட்வகசி' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது, கடிதத்தில் எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே பேச்சு. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் 'அட்வகசி' என்றால் பாதிப் பேருக்குக் கோர்ட்டுதான் நினைவுக்கு வரும். அதில் தப்பில்லை. லத்தீனில் துணைக்கு அழைக்கப்பட்டவர் 'அட்வொகாட்டுஸ்'. ஆங்கில அட்வகேட், அட்வகசி இரண்டும் அதில் பிறந்தவை. மலாயும் 'அட்வோகாசி' என்றே எடுத்துக்கொண்டது.

நம்மிடம் ஏற்கெனவே 'வக்காலத்து' இருக்கிறது. அரபியில் கிளம்பி பாரசீகம், உருது வழியாக வந்த சொல். வக்கீல் அதன் உடன்பிறப்பு. சட்டமன்ற உறுப்பினரை மலாயில் 'வாக்கில் ரக்யாட்' என்கிறோமே, அந்த வாக்கிலுக்கும் அதே வேர்தான். ஆனால் வக்காலத்தில் ஒருவர் சும்மா இருக்க, இன்னொருவர் அவருக்காகப் பேசுகிறார். தோட்டத்தில் தொழிலாளிகளுக்காகக் கங்காணி துரையிடம் பேசியது அந்த வகை. 16 வயதுப் பிள்ளை தன் உடல்நலத்துக்கு வேண்டியதைத் தானே கேட்கும்போது இந்தச் சொல் பொருந்தாது.

'பரிந்துரை' பரவலாகப் புழங்குகிறது. பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல். பரிவும் அதிலிருந்து வந்ததே. சிக்கல் என்னவென்றால், கிளினிக்கில் பரிந்துரை என்றதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரும் கடிதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் 'பரிந்து பேசுதல்' என்று விரித்துச் சொல்வதே நல்லது. 'அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதே' என்ற வீட்டுப் பேச்சில் ஓரவஞ்சனை வாடை அடிக்கும்தான். இருந்தாலும் எதிரில் இருப்பவருக்கு உடனே புரிகிற சொல் இதுதான். 'பரப்புரை' என்று எழுதுவது பிழை. பரப்புரை ஊராரின் பழக்கத்தை மாற்றப் பார்க்கும். பரிந்து பேசுவது, முடிவெடுக்கும் அதிகாரியின் மேசைக்குப் போகும்.

எந்த நலத்துக்காகப் பேசுகிறோம் என்று சொல்லும் அடுத்த சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். 'மகப்பேறு நலம்' என்று போட்டால் மாதவிடாய் வலிக்கு வந்த 14 வயதுப் பெண் தனக்கில்லை என்று திரும்பிவிடுவாள். 'பாலியல்' என்ற சொல்லோ செய்தித்தாளில் குற்றச் செய்தியோடு ஒட்டிக்கொண்டது. வளரிளம் பருவம், அதாவது 10 முதல் 19 வயது வரை, என்று தொடங்கி 'பாலியல், இனப்பெருக்க நலம்' என்று முழுதாக எழுதுங்கள். அடியில் மாதவிடாய், வெள்ளைப்படுதல், கருத்தடை, பால்வினை நோய் என்று பெயர் சொல்லிவிடுங்கள். 'அந்த விஷயம்' என்று மழுப்புவதால் யாருக்கும் லாபமில்லை.

கேட்பது சிறியதாக, அளக்கக்கூடியதாக இருக்கட்டும். 'இளையோருக்கு நல்ல சேவை வேண்டும்' என்பதற்கு எந்த அதிகாரியும் தலையாட்டுவார், எதுவும் நடக்காது. வாரம் ஒரு நாள், பள்ளி விட்டபின் 2 மணி முதல் 4 மணி வரை தனி நேரம். பதிவு முகப்பில் 'என்ன பிரச்சனை?' என்று உரக்கக் கேட்காமல் சீட்டில் குறிக்கும் வசதி. அந்தக் கேள்விதான் பலரை விரட்டுகிறது. பின்னால் வரிசையில் நிற்பது பக்கத்து வீட்டு அத்தையாக இருக்கும். பிள்ளை சொல்லும் பதில் அன்று மாலைக்குள் லயத்து வீடுகளுக்குப் போய்விடும்.

'முழு இரகசியம்' கேட்பதுதான் பெரும்பாலும் சறுக்கும் இடம். 18 வயதுக்குக் குறைந்தவரின் சிகிச்சைக்குப் பொதுவாகப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் தேவை. 16 வயதுக்குக் கீழான பெண்ணோடு உறவு, அவள் சம்மதித்தாலும், சட்டப்படி வன்புணர்ச்சி. பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானதாக நியாயமான ஐயம் எழுந்தால், 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி மருத்துவர் பாதுகாவல் அதிகாரிக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். காக்க முடியாத வாக்கைக் கேட்டு வாங்கினால், அது உடையும் அன்றே பிள்ளைகள் வருவது நின்றுவிடும். கேட்க வேண்டியது தனி அறையும், எதை வெளியே சொல்ல நேரும் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே விளக்கும் முறையும்.

கடிதத்தை மலாயில் எழுதி முதலில் கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசு சுகாதார கிளினிக்கின் பொறுப்பு மருத்துவருக்கும், பதில் இல்லையென்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் கொடுங்கள். கிளினிக்கின் ஆலோசனைக் குழுவில் ஊர்க்காரர் யாராவது இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி. நம் பத்திரிகைகள் இதை 'மகஜர்' என்று எழுதும். அதுவும் அரபி வழி வந்ததே. தலைப்பில் 'அட்வோகாசி' தேவையில்லை, 'பெர்மோஹோனான்', அதாவது விண்ணப்பம், போதும். 'அடுவான்' என்று போட்டால் அது புகார்: முகப்பில் உட்காரும் பெண்ணை விசாரிப்பார்கள், நேரம் மாறாது.