வெட்டுப்பட்ட ஈரல் விடும் தூது

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் என் மாமாவுக்குக் கல்லீரலில் கட்டி. ஈரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். மறுநாள் ராத்திரி உடம்பு நெருப்பாகச் சுட்டது. "கிருமி வல்லதும் ஏறிட்டா மக்களே?" என்று அத்தை பதறினார். சோதித்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. அப்படியானால் காய்ச்சல் எங்கிருந்து?

ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிறது. குடல் பாக்டீரியாக்களின் சிதைந்த துணுக்குகளும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். ஈரலுக்குள் காவல் நிற்கும் குப்ஃபர் செல்கள் அவற்றைப் பிடித்து விழுங்கும். பாதி ஈரல் போய்விட்டால் அத்தனை ரத்தமும் மிச்சப் பாதி வழியாகத்தான் போக வேண்டும். போதாக்குறைக்கு, அறுக்கும்போது ரத்தம் கொட்டாமலிருக்க ஈரலுக்குப் போகும் குழாய்களைச் சற்று நேரம் இறுக்கிப் பிடிப்பதுண்டு. 1908இல் பிரிங்கிள் என்ற மருத்துவர் சொன்ன உத்தி இது. பிடியை விட்டதும் திரும்பப் பாயும் ரத்தமே செல்களைப் புண்படுத்தும், விசித்திரம்தான்.

இதெல்லாம் சேர்ந்து குப்ஃபர் செல்களை உசுப்பிவிடுகிறது. டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்களை, அதாவது செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதங்களை, அவை சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் விடுகின்றன. அந்தச் சேதி மூளைக்கு எட்டினால் காய்ச்சல். ஈரல் செல்களுக்கு எட்டினால் சிஆர்பி என்ற, உடம்பின் அழற்சியைக் காட்டும் புரதம் தயாராகும். அது இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும்.

சரி, சைட்டோகைனை மருந்து கொடுத்து அடக்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். 1996இல் வெளிவந்த ஆய்வில், இன்டர்லூக்கின்-6 இல்லாத எலிகளின் ஈரலில் பெரும்பகுதியை வெட்டியபோது அது சரியாக வளரவில்லை. அந்தப் பொருளை ஊசியில் ஏற்றியதும் வளர்ச்சி திரும்பியது. காய்ச்சலை மூட்டும் அதே தூதுதான் "வளரு" என்றும் சொல்கிறது. அளவு மீறினால் நுரையீரலும் சிறுநீரகமும் அடிபடும். அதனால் இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் சைட்டோகைன்களைச் சுரந்து உடம்பே கடிவாளம் போடுகிறது. மாமாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ரப்பர் மரத்தில் கத்தி மேலாகப் போனால் பால் வராது, ஆழமாகப் போய்த் தடியைத் தொட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும் என்றார்.

மூன்றாம் நாள் சிஆர்பி எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. அத்தைக்கு நிம்மதி, மருத்துவருக்கு இல்லை. சிஆர்பியைச் செய்வதே ஈரல்தானே. மிச்சப் பாதி தளர்ந்து கிடந்தாலும் அந்த எண் குறைவாகவே வரும். ஈரல் வேலை செய்கிறதா என்று காட்டும் பிலிரூபின் அளவையும் ரத்தம் உறையும் நேரத்தையும் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.